படிக்காமல் அழுத்திய ‘சரி’

இன்று காலை, கல்லூரி நூலகத்தில் கழித்துக்கட்ட வைத்திருந்த பழைய கணினியில் ஒரு தமிழ்ப் பட்டியலை அடித்துச் சேமித்தேன். சிறு பெட்டி ஒன்று எழுந்தது. இப்படிச் சேமித்தால் இந்த எழுத்துகள் அழிந்துவிடும் என்று ஆங்கிலத்தில் எச்சரித்தது. அதற்குள் என் கை ‘சரி’யை அழுத்திவிட்டது. திரையில் தமிழ் அப்படியே நின்றது. மூடித் திறந்தேன். வரிவரியாகக் கேள்விக்குறிகள்.

அவற்றை முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன், உன்னோடு.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மறியல் நடந்த வருடம். கள்ளக்குறிச்சி தாலுகா அலுவலகத்துக்கு எதிரே தட்டச்சு நிலையத்தில் நீ இருந்தாய். மலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த நான், சாதிச் சான்றிதழ் கேட்டு மனுக் கொடுத்திருந்த பதினான்கு மாணவர்களைக் கல்வராயன் மலையிலிருந்து அழைத்து வந்தேன். குடும்ப விவரங்களை அவர்கள் சொல்லச் சொல்ல நேராகக் கணினியில் அடித்தாய். காகிதத்தில் எழுதுவது உன் வழக்கமில்லை.

உன் அண்ணன் மறியல்காரர்களில் ஒருவர். மலைக்காரர்கள் பொய்ச் சான்று வாங்குகிறார்கள் என்று டீக்கடையில் அவர் பேசியதைக் கேட்டிருந்தேன். எனவே கோப்பை ஃப்ளாப்பி வட்டில் வாங்கிக்கொண்டு, உன் கணினியில் நகல் இருக்கக் கூடாது என்றேன்.

“இன்னாக்கா, ஃப்ளாப்பிய தாலி மாதிரி புடிச்சிக்கினு கீற?” என்று சிரித்தாய். சிரித்தபடியே என் கண்முன் அழித்தாய்.

அது போதவில்லை எனக்கு. வீட்டுக் கணினியில் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். நீ உருவாக்கிய கோப்பையே நம்பாமல், எல்லாவற்றையும் புதிய கோப்பு ஒன்றில் ஒட்டிச் சேமித்தேன். ஏதோ பெட்டி வந்தது, ‘சரி’ என்றேன். பிறகு உன் கோப்பை அழித்தேன்.

மறுநாள் அச்சிட உன்னிடம் கொடுத்தேன். திறந்ததும் கேள்விக்குறிகள். அலுவலகத்தில் விவரங்களைக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். மாணவர்கள் மலைக்குத் திரும்பியிருந்தார்கள். மறியலால் பஸ் ஓடவில்லை.

“உங்கண்ணன் சொல்லித்தானே செஞ்ச?”

“நான் ஒண்ணுமே பண்ணலக்கா. வூட்ல நீ இன்னா பண்ண, அத்த யோசி.”

நான் யோசிக்கவில்லை. எழுத்துருவைப் பத்து முறை மாற்றிப் பார்த்தாய். கேள்விக்குறிகளுக்கு அடியில் மீட்க எதுவும் இல்லை என்பது இருவருக்குமே அன்று தெரியாது. பதினான்கு மனுக்களும் தள்ளுபடியாயின. ஒரு பெண்ணுக்குச் செவிலியர் படிப்பில் கிடைத்த இடம் போயிற்று.

மறியல் முடிந்ததும் நீயே மலைக்குப் போய், எல்லோரிடமும் மறுபடி கேட்டு, அடித்துக் கொடுத்தாய். அந்தப் பெண் அடுத்த வருடம் சேர்ந்தாள். குற்ற உணர்ச்சியால் செய்கிறாய் என்று நினைத்தேன். அதற்கு முன்பே வீடு வீடாகச் சொல்லியிருந்தேன், அழித்தது நீதான் என்று. உன் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத வீடுகள் இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நீ இறந்து மூன்று வருடமாகிறது. இந்த மடலையும் சந்தேகத்தோடுதான் எழுதுகிறேன்: படிக்க முடியாதவளிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம். மலையில் அந்தப் பதினான்கு வீடுகளில் உன் பெயர் இன்னும் நான் சொன்ன மாதிரியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மலைக்குப் போகிறேன், அழித்தது நான்தான் என்று சொல்ல. படித்தவள் சொல்கிறாள் என்பதற்காக, அன்று அவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இந்த முறையாவது கேட்கட்டும்.