பதின்மூன்றாம் கசெற்

மச்சாள்,

நேற்றுப் பின்னேரம் சோதி அண்ணை வீட்டுப் பக்கமிருந்து மண்ணெண்ணெய்ப் புகை வந்தது. கிடுகு வேலியைத் தாண்டி, முற்றத்தைக் கடந்து, நான் இருந்த கதிரை வரைக்கும் வந்து நின்றது. துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓடவிடுகிற ஜெனரேற்றர் எப்படி இருமும் என்று உங்களுக்குத் தெரியும். வேறு ஊர்களில் ஓர் எஞ்சின் இப்படி ஓடினால் பழுது என்பார்கள். தர்மபுரத்தில் அதற்கு வீடியோ என்று பெயர்.

புதிய தொடரின் கடைசிக் கசெற் வந்திருந்தது. போனேன். இருக்க முடியவில்லை. கதாநாயகி அழுதபோது எழுந்தேன். வில்லன் அழுதபோது இருந்தேன். இருவரும் சேர்ந்து அழத் தொடங்கியதும் வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கேயும் இருக்க முடியவில்லை. போன மாரியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு எனக்கு வந்திருக்கிற வருத்தம் இதுதான்: எந்தக் கதிரையும் சரியாக இல்லை. அதிலும் உங்களைக் கட்டிய என் அண்ணனிடமிருந்து ஒரு கேள்வி வந்து ஒரு கிழமையாகிறது. அதற்குப் பதில் சொல்லாமல் இன்று காலைவரை முற்றத்தை அளந்துகொண்டிருந்தேன். கேள்வியைப் பிறகு சொல்கிறேன். முதலில் பதின்மூன்றாம் கசெற்.

கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து இங்கே வந்த பிறகு, சோதி அண்ணையின் கொட்டில்தான் எங்களுக்குத் திரையரங்கு. ரீவியும் கசெற் ஓடுகிற டெக்கும் அவருடையவை. எண்ணெய் எங்களுடையது. வீட்டுக்கு அரைப் போத்தல். எண்ணெய் கொண்டுவராதவர்களும் பார்க்கலாம், ஆனால் கருத்துச் சொல்ல முடியாது. மக்களாட்சி பற்றி நான் வாசித்த புத்தகங்கள் எதிலும் இவ்வளவு தெளிவான ஏற்பாட்டைக் கண்டதில்லை. நீங்கள் ஒவ்வொரு முறையும் எண்ணெய் கொண்டுவந்தீர்கள். பதின்மூன்றாம் கசெற் வரைக்கும் ஒரு முறையும் கருத்துச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கச் சம்பளமில்லாமல் கத்துகிற தொண்டர் ஆசிரியை, பின்னேரம் பேசாமல் இருப்பதற்காக எண்ணெய் ஊற்றுகிறார் என்று நான் பகிடியாக நினைத்திருந்தேன்.

வசந்தி என்ற பெண்ணின் கதை பதினான்கு கசெற்றில் முடிவதாக இருந்தது. வவுனியாவில் யாரோ பதிந்து கொடுக்க, வியாபாரி செல்வம் சோப்புக்கும் சீனிக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவருவார். பன்னிரண்டாவதில் வசந்தியின் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். அடுத்து வந்தது பதினான்கு. பதின்மூன்று எங்கே என்று கேட்டால், சோதனைச் சாவடியில் எடுத்துவிட்டார்கள் என்று ஒருவருக்கும், பஸ்ஸில் மாறிவிட்டது என்று இன்னொருவருக்கும் செல்வம் சொன்னார். பதின்மூன்று வரும்வரை பொறுப்போமா என்று பேச்சு எழுந்தபோது சோதி அண்ணை எண்ணெயை ஊற்றி முடித்திருந்தார். ஓடத் தொடங்கிய எஞ்சினிலிருந்து எண்ணெயைத் திருப்பி எடுக்க முடியாது என்பதால், முடிவை முதலில் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று.

பதினான்கில் அவன் தாடியோடு வாசலில் நிற்கிறான். வசந்தி கதவைத் திறக்கிறாள். இலை போடுகிறாள். சோறு போடுகிறாள். சுபம்.

அந்தக் கசெற்றோடு செல்வம் எனக்கு மட்டும் இன்னொன்றும் கொண்டுவந்திருந்தார். அண்ணனிடமிருந்து வாய்ச் செய்தி. கலியாணம் கட்டி இரண்டு வருடத்தில் உங்களையும் அம்மாவையும் விட்டுவிட்டுப் பிரான்சுக்குப் போனவர். முதலில் காசு வந்தது, பிறகு வாழ்த்து அட்டை வந்தது, பிறகு அங்கே ஒருத்தியோடு இருக்கிறார் என்ற கதை வந்தது. கதைக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஒன்பது வருடம் கழித்து இப்போது கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் நிற்கிறாராம். அந்தத் தொடர்பு முடிந்துவிட்டதாம். நீங்கள் வவுனியாவுக்கு வந்தால் தானும் வருவாராம், உங்களைக் கையோடு பிரான்சுக்குக் கூட்டிப்போவாராம். இதை உங்களிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நான் இரண்டு நாள் விழுங்கிக்கொண்டு திரிந்தேன். அம்மா போன பிறகு எனக்கென்று மிஞ்சியிருந்தவர்கள் நீங்கள் இருவரும்தான். இருவரையும் ஒரே வாசலில் பார்க்க ஆசைப்பட்டேன்.

படம் முடிந்ததும் வழக்குத் தொடங்கியது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்து கருவாடு விற்கிற மரியம்மா அக்கா முதலாவது.

"பன்ரண்டில விட்டிட்டுப் போனவன், பதினாலில வந்து சோறு தின்னுறான். இடையில இவளுக்கு என்ன, விசரே பிடிச்சது?"

அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா தொண்டையைச் செருமினார். "பொறு பிள்ளை. பதின்மூண்டில அவன் மறியலுக்குப் போயிருப்பான். செய்யாத குற்றத்துக்கு."

"செய்த குற்றத்துக்கே ஒருத்தரும் போறேல்லை ஐயா. செய்யாததுக்கு இவர் போனவராம்."

"வருத்தம் வந்திருக்கும்," என்றார் சோதி அண்ணை. "தாடியைப் பாத்தாத் தெரியேல்லையே?"

"தாடி வருத்தத்தில வாறேல்லை அண்ணை. சோம்பலில வாறது."

ஆளுக்கொரு பதின்மூன்றாம் கசெற்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் தயாரித்தேன். என்னுடையதில் அவன் நாடு நாடாக அலைந்து, மனம் நொந்து, திருந்தி வந்தான். பிழை விட்டவன் திரும்பி வந்து வாசலில் நிற்பது சின்ன விஷயமில்லை, கதவைத் திறந்தவள் தோற்றவளுமில்லை என்று அரைப் போத்தலுக்கு மேலாகவே பேசிவிட்டேன். நீங்கள் கொட்டில் தூணோடு சாய்ந்திருந்து எல்லாவற்றையும் கேட்டீர்கள். நான் பேசி முடிக்க, மரியம்மா அக்கா உங்கள் பக்கம் திரும்பினா.

"சங்கக்கடைத் தம்பி இண்டைக்கு நல்லாக் கதைக்கிறார். ரீச்சர் என்ன சொல்லுறியள்?"

நீங்கள் எழுந்து சேலையைத் தட்டினீர்கள். "பதின்மூண்டு வரட்டும் அக்கா. பாத்திட்டுச் சொல்லுறன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில், வாய்க்கால் பாலத்தில் வைத்துக் கேட்டீர்கள்: "கொண்ணை எப்ப வவுனியாவுக்கு வாறாராம்?"

"அண்ணன் வாறது உங்களுக்கு ஆர் சொன்னது?"

"மரியம்மா அக்கா. அவாவுக்குக் கிளாக்கர் ஐயா. அவருக்குச் செல்வம். உமக்கு மட்டும்தான் ரகசியமாச் சொன்னவராம்."

ஆக, கொட்டிலில் இருந்த அத்தனை பேரும் வசந்தியைப் பற்றி அல்ல, உங்களைப் பற்றித்தான் வாதாடியிருக்கிறார்கள். அது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

"கோபமோ மச்சாள்?"

"இல்லை. நான் போறன். முடிவு எனக்குத் தெரியும். அவர் வருவார், நான் சாப்பாடு குடுப்பன். நடுவில நடந்ததை அவர் சொல்லட்டும். சொன்னாரெண்டால் மிச்சத்தை யோசிப்பன்."

பயண அனுமதிப் பாஸ் கிடைத்து வவுனியாவுக்குப் போன நாளை நினைத்தால் இப்போதும் கால் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. சொந்தக்காரர் ஒருவர் வீட்டு முன்அறை. அண்ணனுக்கு நெற்றி ஏறியிருந்தது. மேசையில் ஒரு சேலை, ஒரு கைக்கடிகாரம், சொக்லேட் பெட்டி. நீங்கள் விடியவே சமைத்துக் கட்டிய பார்சலை அவிழ்த்து வைத்தீர்கள். சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த கருவாடு. அவர் கையைக் கழுவிவிட்டு இருந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

"உம்மடை கைப்பக்குவம் மாறேல்லை," என்றார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பதினான்காம் கசெற் அப்படியே நடந்துகொண்டிருந்தது. சுபம் மட்டும்தான் பாக்கி.

பிறகு அவர் பிரான்சைப் பற்றிச் சொன்னார். எத்தனையாவது மாடி, நிலத்துக்குக் கீழே ஓடும் ரயில், பனி, விசாவுக்கு யாரைப் பிடிக்க வேண்டும். எல்லாம் இனி நடக்கப்போவது. நீங்கள் அவர் முடிக்கும்வரை காத்திருந்து கேட்டீர்கள்.

"இந்த ஒன்பது வருசம் எப்பிடிப் போச்சு?"

"அதையெல்லாம் ஏன் இப்ப? போனது போகட்டும். இனி நடக்கிறதைப் பாப்பம்."

நீங்கள் வெறுமையான சாப்பாட்டுப் பார்சலை மடித்து வைத்தீர்கள். அவர் தான் இருக்கும் கட்டடத்தின் படத்தை எடுத்து, சன்னல்களை விரலால் எண்ணித் தன்னுடைய சன்னலைக் காட்டினார். நீங்கள் அந்தச் சன்னலை மரியாதையாகப் பார்த்தீர்கள்.

"வடிவா இருக்கு," என்றீர்கள். "என்ரை பாஸ் பின்னேரத்தோடை முடியுது. நான் வெளிக்கிடுறன்."

சொக்லேட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று எடுத்துக்கொண்டீர்கள். சேலையையும் கடிகாரத்தையும் தொடவில்லை. சாமான்களை எடுத்துவரத்தான் போகிறீர்கள் என்று அவர் நினைத்தார். வாசல் படலையில் வைத்து என்னிடம், "எப்ப திரும்பி வருவா?" என்று கேட்டார். நான் உங்கள் முதுகைப் பார்த்தேன். அது திரும்புகிற முதுகாகத் தெரியவில்லை. உங்கள் பின்னால் நடந்தேன்.

ஊரில் எல்லோரும் காத்திருந்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. வவுனியாவில் வெயில் எப்படி என்று கிளாக்கர் ஐயா விசாரித்தார். சரியான வெயில் என்று நீங்கள் சொன்னீர்கள். அந்த விசாரணை அத்தோடு முடிந்தது. அண்ணன் இரண்டு முறை ஆள்விட்டுப் பார்த்துவிட்டுப் பிரான்சுக்குத் திரும்பிப் போனார். நான் உங்களோடு சில நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த ஆள் சோறு தின்ன வந்தவர்தானே, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று மனதுக்குள் அவருக்காக வழக்காடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பதின்மூன்று வந்தது.

அன்றைக்குப் போல எண்ணெய் சேர்ந்து நான் கண்டதில்லை. எல்லோருக்கும் தங்கள் தங்கள் கசெற் சரியா என்று பார்க்க வேண்டியிருந்தது. மறியலா, வருத்தமா, மனமாற்றமா. மூன்று மணித்தியாலம் ஓடியது. அதில் புருஷன் வந்தது இரண்டு தரம். இரண்டு தரமும் பஸ்ஸில் இருந்து வெளியே பார்த்தான். மிச்சம் முழுக்க வசந்தி. தையல்கடையில் வேலைக்குச் சேருகிறாள். அவனுடைய தகப்பனைக் குளிப்பாட்டுகிறாள். அவனுடைய தங்கச்சியைக் கட்டிக்கொடுக்கிறாள். அரிசிப் பானைக்குள் எட்டிப் பார்க்கிறாள். ஒரு நாள் வாசல்படியில் இருந்து காரணமில்லாமல் சிரிக்கிறாள்.

முடிந்தபோது எஞ்சின் மட்டும் இருமிக்கொண்டிருந்தது.

"இது வேறை நாடகம்," என்றார் கிளாக்கர் ஐயா. "செல்வம் மாறிக் கொண்டுவந்திட்டான். இதில கதை எங்கை கிடக்கு? அவன் எங்கை?"

சோதி அண்ணை கசெற்றை வெளியே இழுத்து, ஒட்டியிருந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். "பதின்மூண்டு எண்டுதான் கிடக்கு ஐயா."

"அப்ப எழுதினவன் பிழை விட்டிட்டான்."

நீங்கள் முதன்முதலாக அந்தக் கொட்டிலில் கருத்துச் சொன்னீர்கள். "இல்லை ஐயா. இது சரியான கசெற்தான்." வேறொன்றும் சொல்லவில்லை. மரியம்மா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தா. புகை என்றா.

அடுத்த நாள் நீங்கள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது வந்து நின்று கேட்டேன். "மச்சாள், இந்த ஒன்பது வருசம் உங்களுக்கு எப்பிடிப் போச்சு?"

நிமிர்ந்து பார்த்தீர்கள். "ஒரே வளவிலதானே இருந்தனீர்?"

"இருந்தனான். தெரியாது."

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு சொன்னீர்கள். ஒரேயடியாக அல்ல, வரிசையாகவும் அல்ல. உடுப்புத் தோய்க்கிற நேரம் கொஞ்சம், அரிசி புடைக்கிற நேரம் கொஞ்சம். கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட மழையில், அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சேலையால் உங்கள் இடுப்போடு சேர்த்துக் கட்டி உருட்டி வந்தது. முரசுமோட்டையில் சைக்கிள் சரிந்து இருவரும் சேற்றுக்குள் விழுந்து, எழும்ப முடியாமல் கிடந்து சிரித்தது. தாலிக்கொடியை விற்று அம்மாவுக்கு மருந்து வாங்கிவிட்டு, கழுத்து வெறுமையாகத் தெரியாமல் சட்டைக் கழுத்தை உயர்த்தித் தைத்துக்கொண்டது. நான் அதைப் புது மோஸ்தர் என்று பகிடி பண்ணினேனாம்.

அம்மாவின் கடைசி நாட்களும் அப்படித்தான் எனக்கு வந்தன. நான் அப்போது புதுக்குடியிருப்புக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. கிழமைக்கு ஒரு தரம் வந்துபோவேன். அம்மா மூத்தவனைக் காணாமலே கண்ணை மூடினா என்பதுதான் எனக்குள் இருந்த பெரிய வலி. அண்ணனுக்காக நான் வாதாடியதற்கும், அண்ணனை வெறுத்ததற்கும் அதுதான் காரணம். நீங்கள் புடைத்த அரிசியில் கல்லைப் பொறுக்கிக்கொண்டே சொன்னீர்கள்.

"மாமிக்குக் கடைசியில கண் தெரியேல்லை. ஒரு நாள் கஞ்சி தீத்தேக்கை, என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, ஏன்டா இவ்வளவு பிந்தினனி எண்டு கேட்டவா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, பஸ் பிந்திப்போச்சு அம்மா எண்டு சொன்னன். கோப்பை முடியக் குடிச்சவா. பிறகு மூண்டு நேரமும் கொண்ணைதான் வந்து தீத்தினவர். தலையைத் தடவிப் பாப்பா, நான் கொண்டையைப் பிடரிக்குக் கீழே இறக்கிப்போட்டு இருப்பன்." கல்லை முற்றத்தில் எறிந்தீர்கள். "அவா நிம்மதியாத்தான் போனவா. பிள்ளை வந்திட்டுதுதானே."

உங்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான்தான் எழுந்து வேலிவரை போய்வர வேண்டியிருந்தது.

இனி அண்ணனின் கேள்வி. உங்கள் சாவு பிந்தித்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. செல்வத்திடம் சொல்லியனுப்பியிருக்கிறார்: "அம்மா கடைசி நேரம் என்னைத் தேடினவாவோ எண்டு தம்பியைக் கேளுங்கோ." அம்மா போய் எத்தனையோ காலத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி. உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நாளைக்குச் செல்வம் வவுனியா போகிறார். தேடவில்லை என்று சொல்லியனுப்பலாம். அது உண்மை. அண்ணனே வந்தார், மூன்று நேரமும் அவர் கையால்தான் அம்மா சாப்பிட்டா என்று சொல்லியனுப்பலாம். அதுவும் உண்மைதான், ஆனால் அவருக்கு விளங்காது. விளங்க வேண்டுமானால் மழையிலிருந்து தொடங்க வேண்டும், சேற்றைச் சொல்ல வேண்டும், சட்டைக் கழுத்தைச் சொல்ல வேண்டும். வியாபாரியின் வாயில் கொடுத்தனுப்ப அது சின்னச் சாமான் இல்லை.

ஆகவே இன்று காலை செல்வத்திடம் இதைத்தான் சொன்னேன். அண்ணனை ஒருக்கால் வரச் சொல்லுங்கோ. வந்திருந்து, முதலில் மச்சாளைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கோ. அம்மாவிடம் போக வேறு பாதை இல்லை என்று சொல்லுங்கோ.

வருவாரோ தெரியாது. அவர் கேட்கும்வரைக்கும் உங்கள் ஒன்பது வருடமும் என்னிடம் இருக்கிறது. ஓரிடத்தில் வைத்துவிட்டு இருக்க முடிகிற பாரமாக அது இல்லை. தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.