சூனியக்காரி கதைக்கு நான் சொன்ன முடிவு

ஜங்லிகாட், போர்ட் பிளேர்
12.11.1964

அன்புள்ள கரீமாவுக்கு, காதர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நான் சுகம். உம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? நம் சபீஹா ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா?

நீ கொடுத்தனுப்பிய பெட்டியில் வைத்த சூனியக்காரி வேட்டை நாவலுக்கு இங்கே ஏக மவுசு. கடை அடைத்ததும் தெலுங்குத் தையல்காரர் அப்பாராவும் வங்காளித் தச்சர் நிதாயும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் படித்து இந்தியில் சொல்வேன். "ஃபிர் க்யா ஹுவா, அப்புறம் என்ன ஆச்சு?" என்று பிடுங்குவார்கள். அப்பாராவ் இப்போது கிணற்றடிக்குக்கூடத் தனியாகப் போவதில்லை.

கடைசிப் பக்கங்கள் கப்பலிலேயே நனைந்து ஒட்டிப்போயிருந்தன. அவர்கள் விடாததால் நானே ஒரு முடிவு சொன்னேன். வேட்டைக்காரர்கள் கதவை உடைத்தால் உள்ளே சூனியக்காரி இல்லை. கடல் தாண்டிப்போன புருஷனுக்குச் சோறு எடுத்துவைத்துவிட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அப்பாராவ், "காதர் பாய், நீ ஊருக்குப் போய் எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்டார்.

"மூணு" என்றேன்.

மறுநாள் முதலாளியிடம் லீவு கேட்டேன். பெருநாளைக்குப் போய் வா என்றார்.

அதற்குள் யாராவது கப்பலில் வந்தால் கொஞ்சம் மாசிக் கருவாடும் தலையணை உறை ஒன்றும் கொடுத்தனுப்பு. புதிது வேண்டாம், வீட்டில் கிடப்பதே போதும். தபால் மூட்டை கட்டுகிறார்கள். நாவலின் உண்மையான முடிவை எழுதிவிடாதே, வந்து உன் வாயால் கேட்டுக்கொள்கிறேன்.

காதர்