கை தூக்காத உண்ணாமலை

ஜனவரி 19, ஞாயிறு
தொலைநிலைக் கல்விக்குப் பொருளாதாரம் எடுப்பதற்குப் பதில் சுவரோடு பேசலாம். இன்று ஆன்லைன் வகுப்பில் நாற்பத்திரண்டு பெயர்கள். ஒரு முகம்கூட இல்லை. “இருங்க, குக்கரை அணைச்சுட்டு வரேன்” என்று எழுந்து போனேன். திரும்பி வந்தால் ஒருவன் “புரிந்தது மேம்” என்று எழுதியிருக்கிறான். என்னத்தடா புரிஞ்சுது உனக்கு?

இனி ஒரு விதி. வகுப்பு நடுவே மூன்று முறை கேட்பேன். ஒரு நிமிடத்துக்குள் திரையில் இருக்கும் கை பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காதவர் ஆப்சென்ட். மைக் எல்லாம் மூடியே இருக்கும். திறந்தால் சந்தைக் கூச்சல்.

ஒருங்கிணைப்பாளர் கலைவாணன் சாருக்கு ஒரே சந்தோஷம். “எல்லா வகுப்புக்கும் இதையே வெச்சுடுவோம் மேம்.”

ஜனவரி 26
பலித்தது. முப்பத்தெட்டு கை!

பிப்ரவரி 23
ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து உண்ணாமலை என்று ஒருத்தி. முதல் ஆளாக வருகிறாள், கடைசியாகப் போகிறாள். கை மட்டும் ஒரு வாரமும் எழுவதில்லை. போனைப் போட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறாள். என்கிட்டயேவா?

மார்ச் 17
வருகை போதாதவர்கள் பட்டியலை அனுப்பிவிட்டேன். உண்ணாமலையும் அதில். கடைசி செமஸ்டர், தேர்வு எழுத முடியாது. விதி என்றால் விதிதான்.

மார்ச் 20
தூக்கம் பிடிக்காது போலிருக்கிறது. அவளுடைய கட்டுரை தபாலில் வந்தது. ‘சின்ன வெங்காயம் விலை ஏறினால் மேம் வீட்டுச் சாம்பாரில் தக்காளி கூடும்’ — இதை நான் பாடக் குறிப்பில் எழுதவே இல்லை. ஒரே ஒரு நாள், வாய்ப்பேச்சாகச் சொன்னது. அப்படியானால் கேட்டிருக்கிறாள். பிறகு ஏன் கை தூக்கவில்லை? ஐயோ, என்ன செஞ்சு தொலைச்சேன்?

போன் செய்தேன். எடுக்கவில்லை. இரண்டு முறை.

மார்ச் 22, சனி
பெரம்பலூரில் பஸ் ஏறி, அரியலூரில் மாறி, விலாசம் விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். முந்திரி உடைக்கும் ஷெட். நான் “உண்ணாமலை இருக்காங்களா?” என்றதும் ஒரு அம்மா துள்ளி எழுந்தார். “அடி ஆத்தி, குக்கரு டீச்சர் கொரலு!”

ஆறு பெண்கள். என் வகுப்பை வாராவாரம் கேட்பவர்கள். உண்ணாமலையின் போனைச் சில்வர் சொம்புக்குள் நிறுத்தி வைப்பார்களாம், சத்தம் கூடுதலாக வர.

உண்ணாமலை கையை நீட்டிக் காட்டினாள். கறுத்து, தோல் உரிந்து. கொட்டையிலிருந்து வழியும் எண்ணெய் சுடுமாம். அதற்காக எல்லாருமே கையில் சாம்பல் பூசியிருந்தார்கள்.

“இந்தக் கையோட போனைத் தொட்டா ஒண்ணும் வேலை செய்யாது மேம், கழுவிட்டு வர்றதுக்குள்ள ஒரு நிமிசம் முடிஞ்சுரும். ஒரு நாள் மூக்கால அமுக்கிப் பாத்தேன். கிளாஸே கட்டாயிருச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஏம்மா சொல்லல?”

“வேலை செஞ்சுக்கிட்டே படிக்கிறியான்னு திட்டுவீங்கன்னுதான். முழு நேரமும் இருக்கேன்ல, அட்டெண்டன்ஸ் வந்துரும்னு நெனச்சேன். பரீட்சை முடிஞ்சா இந்த வருசமே பி.எட். சேந்துரணும் மேம்.”

பட்டியலைப் பற்றி அங்கேயே சொன்னேன். அவள் கையிலிருந்த கொட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

மார்ச் 24
தவறு என்னுடையது, அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுங்கள் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கலைவாணன் சார் இரண்டு முறை படித்தார். “நீங்க கொண்டாந்த ரூல்தானே மேம்?” ஆமாம் சார். நான்தான்.

ஏப்ரல் 1
பல்கலைக்கழகத்திலிருந்து பதில் இல்லை.

ஏப்ரல் 3
வந்துவிட்டது. பட்டியலைத் திருத்த வழியில்லை, அடுத்த தேர்வு நவம்பரில். அதற்குள் பி.எட். சேர்க்கை முடிந்துவிடும், அவளுக்கு ஒரு வருடம் போச்சு. என் ஒரு பொத்தானால்.

போனில் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், திட்டினால்கூடத் தேவலை. அவள் கேட்டது இதுதான்: “ஞாயித்துக்கெழம கிளாஸ் உண்டுங்களா மேம்?”

ஏப்ரல் 6, ஞாயிறு
எல்லா மைக்கையும் திறந்துவிட்டுப் பெயர் கூப்பிட்டேன். சேவல், டிராக்டர், யார் வீட்டிலோ குழந்தை அழுகை. ஒருவரையும் மூடச் சொல்லவில்லை.

“உண்ணாமலை.”

கொட்டை உடைபடும் சத்தம் நின்றது. “இருக்கேன் மேம்.”

எதற்கும் உதவாத பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ‘வருகை’ என்று எழுதினேன்.