சொல்லாமல் விட்ட வாயு

பெங்களூர்
12.10.2019

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? சிறையில் அத்தானைப் பார்த்தாயா? வாயுக் கிணறு கசிகிறது என்று ஊருக்குச் சொன்னதை வதந்தி என்று வழக்குப் போட்டுப் பிடித்து வைத்திருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் வரப்பில் வைத்த என் லேசர் கருவி வேலை செய்துவிட்டது, அக்கா. அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அலைநீளத்தை மாற்ற மாற்ற வெவ்வேறு வாயுவைக் காட்டும். மீத்தேன் தெரிந்தது. அது நடவு வயல் சேற்றிலும் வரும் என்பதால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் ஈத்தேனும் தெரிந்தது. அது சேற்றில் வராது, கிணற்றிலிருந்துதான் வரும். அத்தான் சொன்னது உண்மை. கசிவைப் பற்றி விசாரிக்கத் தஞ்சாவூரில் நடக்கப்போகும் கூட்டத்தில் கலெக்டர் முன்னால் நானே சொல்கிறேன். தைரியமாக இரு.

உன் தம்பி
சாமிதுரை


திருவிடைமருதூர்
4.11.2019

தம்பி சாமிதுரைக்கு,

கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். நீ என்னைப் பார்த்தாய், பிறகு பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாய். கிணற்றுக் கம்பெனிக்காரர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். "காற்றில் மீத்தேன் இருக்கிறது. அது நெல்வயலிலும் வரும்" என்றாய். ஈத்தேன் பேச்சையே எடுக்கவில்லை. அது உன் தம்பிதானே என்று வெளியே ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் அத்தானின் ஜாமீனைத் தள்ளிவிட்டார்கள். அரசு வக்கீல் எடுத்துக் காட்டியது உன் பேச்சைத்தான். ஏன்டா?

அம்சம்


பெங்களூர்
9.11.2019

அக்கா,

எங்கள் கருவியைத் தங்கள் கிணறுகளில் எல்லாம் வைக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டிருக்கிறது. என் இத்தனை வருஷ உழைப்பு அது. கூட்டத்துக்கு முன் கூப்பிட்டு, ஈத்தேன் இன்னும் உறுதியாகட்டும், இப்போது வேண்டாம் என்றார்கள். உறுதியாகத்தான் இருந்தது. இருந்தும் தலையாட்டிவிட்டேன். உள்ளே இருந்தால் பிற்பாடு கசிவை அடைக்க வைக்கலாம் என்று நினைத்தேன். அத்தானுக்கு நல்ல வக்கீல் வைக்கிறேன். கோபம் ஆறியதும் எழுது.

சாமிதுரை


திருவிடைமருதூர்
17.12.2019

சாமிதுரைக்கு,

அத்தான் வந்துவிட்டார். உன் வக்கீல் வேண்டியிருக்கவில்லை. அடுத்த வயல்காரர் காதர் மைதீன் அண்ணன் அலைந்து திரிந்து ஜாமீன் வாங்கினார்.

சாப்பிட உட்கார்ந்தபோது அத்தான் கேட்டார்: "தொரை மெஷின்ல ஒண்ணும் தெரியலையாமா?"

தெரிந்தது என்றேன். கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். உன் பேரை அதற்கப்புறம் எடுக்கவில்லை.

தையில் மகள் தங்கமணிக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலையைக் காதர் அண்ணன் போடட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். நானும் சரி என்றேன். உனக்குப் பத்திரிகை வராது.

அம்சம்