என் கை இல்லாத ஆல்பம்

மார்ச் 4, செவ்வாய்

புது ஆல்பம் வந்துவிட்டது. மதியம் என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஏழாவது பாட்டு வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். பாட்டு என்று சொல்வது பழக்கதோஷம். எங்கள் போஸ்ட் ராக் பேண்டில் பாட ஆளே கிடையாது, நாலு பேரும் வாசிப்பதோடு சரி.

மேடையில் ஏழாவது பதினோரு நிமிடம் போகும். இதில் பத்து நிமிடம் நாற்பது விநாடி. மிச்சம் எங்கே?

ஒரு இடத்தில் எல்லாம் அடங்கிவிடும். நான் டிரம்ஸ் குச்சிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். கிடாரில் அண்ணன், கீபோர்டில் அண்ணி, பேஸில் கும்பகர்ணன் (உட்கார்ந்த இடத்தில் தூங்குவான்). அவரவர் தயாரானதும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றாவது ஆள் பார்த்த பிறகுதான் அடிப்பேன். ஒருநாள் ஐந்து விநாடி ஆகும், ஒருநாள் இருபது. யாரும் பேசிவைத்துச் செய்ததில்லை. பதினோரு வருடமாக அப்படித்தான்.

ஆல்பத்தில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நான் அடித்ததை எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி நேராக்கியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வார்த்தை!

மார்ச் 5, புதன்

அண்ணன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். ஒலிப்பதிவாளர் சொன்னாராம், இப்போது எல்லாரும் இப்படித்தானாம். நான் விடவில்லை. கடைசியில் சொன்னான்: "கேக்குறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. உனக்கு மட்டும்தான் தெரியும்."

எனக்கு மட்டும் தெரிந்தால் போதாதா? வாசித்தது நான்தானே?

மார்ச் 9, ஞாயிறு

அண்ணி மூன்று முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

ஒத்திகை. கச்சேரியில் எங்களுக்குப் பின்னால் திரையில் படம் ஓடப்போகிறதாம், அதோடு ஒத்துப்போக எல்லாரும் காதில் ஒயர் மாட்டி டிக் டிக் கேட்டுக்கொண்டே வாசிக்கவேண்டுமாம். மாட்டினேன். ஏழாவதில் கையைத் தூக்கினேன். மூன்று பேரும் திரும்புவதற்குள் டிக் டிக் எங்கேயோ போய்விட்டது. பிடுங்கி எறிந்தேன். "பிடிவாதம் பிடிக்காத" என்றான் அண்ணன். கும்பகர்ணன் விழித்துத்தான் இருந்தான், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவன்மேல் வந்த ஆத்திரம் அண்ணன்மேல்கூட வரவில்லை.

மார்ச் 29, சனி

ஆல்பத்துக்கு எங்கே பார்த்தாலும் பாராட்டு. ஒருவர் எழுதியிருக்கிறார்: "கடிகாரம் போல் பிசகாத டிரம்ஸ், இந்தக் குழுவின் முதுகெலும்பு." அடியில் என் பெயர். பதினோரு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு, அதுவும் நான் வாசிக்காததற்கு. சிரிப்பு வந்தது. பிறகு சாப்பாட்டுத் தட்டை உடைத்தேன். நல்ல தட்டு.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூன்று ஒத்திகைக்குப் போகவில்லை. அண்ணனிடமிருந்து செய்தி: "நீ வரலன்னா டிரம்ஸ லேப்டாப்லயே ஓட்டிக்கிறோம்."

ஓட்டிக்கோ.

ஏப்ரல் 19, சனி

அவர்கள் கச்சேரிக்குப் போனேன். தொப்பி போட்டுக்கொண்டு, கடைசி வரிசைக்கும் பின்னால். எதற்குப் போனேன்? அவர்கள் சொதப்புவதைப் பார்க்கத்தான். எனக்கு நானே எதற்கு மறைக்கவேண்டும்?

ஏழாவது. எல்லாம் அடங்கியது. மூன்று பேரும் திரும்பினார்கள், நான் உட்காரும் இடத்தை நோக்கி. அங்கே ஒரு மேசை, ஒரு லேப்டாப். அது யாரைப் பார்க்கும்? தன்பாட்டுக்கு அடித்துவிட்டுப் போனது. அண்ணனின் கை அந்தரத்தில் நின்றது. அண்ணி எங்கேயோ ஆரம்பித்தார். கும்பகர்ணன் வாசிப்பதையே நிறுத்திவிட்டான்.

நல்லா வேணும் என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்றவர் முறைத்தார்.

வீடு வருவதற்குள் சந்தோஷம் போய்விட்டது. திரும்பிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை கேட்க மட்டும் ஏன் தெரியவில்லை?

ஏப்ரல் 27, ஞாயிறு

யாரும் கூப்பிடவில்லை. நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. போனை மட்டும் கையிலேயே வைத்திருக்கிறேன்.

மே 17, சனி

மறுபடியும் போனேன். வெட்கம்கெட்ட ஜென்மம்.

இந்த முறை யாரும் திரும்பவில்லை. பழகிவிட்டார்கள். லேப்டாப் அடித்தது, மூன்று பேரும் அதோடு சேர்ந்து எழும்பினார்கள், அரங்கமே அதிர்ந்தது. நன்றாக இருந்தது. எனக்கே நன்றாக இருந்தது, அதில்தான் வயிறு எரிகிறது.

வாசலில் அண்ணி பிடித்துக்கொண்டார். அண்ணன் முழு நேரமும் கண்ணை மூடிக்கொண்டு வாசித்ததைக் கவனித்தாயா என்று கேட்டார். ஸ்டைல் என்று நினைத்தேன் என்றேன்.

"கண்ணைத் திறந்தா தானா உன் பக்கம் திரும்பிடுதாம். அதான் மூடிக்கிறார்."

"அத அவனே வந்து சொல்லட்டும் அண்ணி" என்றேன். குரல் உடைந்துவிட்டது. சே.

மே 20, செவ்வாய்

அண்ணன் கடைக்கு வந்தான். ஃபிரேம் கோணலாக இருக்கிறதென்று ஒரு வாத்தியார் கத்திக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை கால் மணி நேரம் நின்றான். நானும் அவசரப்படவில்லை.

"தப்பு பண்ணிட்டேன். வந்துடு."

பிறந்ததிலிருந்து அவன் வாயில் இதைக் கேட்டதில்லை. காதில் ஒயர் மாட்டமாட்டேன் என்றேன். திரையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றான்.

"ஆல்பத்துல இருந்து என் பேர எடுத்துடு."

ஊரே பாராட்டுகிற ஆல்பம் என்று இழுத்தான். "அதனாலதான் எடுக்கச் சொல்றேன். அது நான் இல்ல." கடைசியில் சரி என்று சொல்லிப் போனான்.

சாயங்காலம் புது அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். கிடார், கீபோர்டு, பேஸ், மூன்று பெயர்கள். டிரம்ஸ்: கம்ப்யூட்டர்.

வியாழன் ஆறு மணிக்கு ஒத்திகை. போகப்போகிறேன். கோபம் ஒரு துளி குறையவில்லை, அதையும் கூட்டிக்கொண்டுதான் போவேன்.