மஃரிபுக்கு முந்திய சைக்கிள்

அன்பின் தம்பி ஹுதைபாவுக்கு,

கெலிஓயாவிலிருந்து நானா மஹ்ரூப் சலாம் சொல்லி எழுதுகிறேன். இங்கே மழை தொடங்கிவிட்டது. நீ கொழும்புச் சூட்டில், வாரத்தில் மூன்று நாள் மெசினில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு கிடப்பதை நினைத்தால் இந்தக் குளிர்கூட எனக்குப் பிடிப்பதில்லை.

போனில் சொல்ல வாய் வரவில்லை. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு டொக்டர் என்னை நிறுத்துப் பார்த்தார். உனக்குக் கிட்னி தர நான் எட்டுக் கிலோ குறைய வேண்டுமல்லவா? மூன்று கிலோ கூடியிருந்தேன். ஒப்பரேஷனை இரண்டு மாதம் தள்ளிப் போட்டுவிட்டார். "குறைந்துகொண்டு வருகிறது" என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பொய்.

சைக்கிள் ஓடாமல் இருக்கவில்லை. நோன்பு முப்பதும் ஓடினேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பேராதனை வரை போய், நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்குச் சரியாக வீட்டு வாசலில் இறங்குவேன். காய்ந்த வயிற்றோடு மிதித்தால் இரட்டிப்பாகக் குறையும் என்று நினைத்தேன். ஆனால் இறங்கியதும் வரும் பசி இருக்கிறதே, அது மனுசப் பசியே இல்லை. ஒரு கோப்பைக் கஞ்சி மூன்றாகும், ரோல்ஸ் தட்டு காலியாகும், பிறகு சோறு, அதற்கு மேல் வட்டிலாப்பம். இவ்வளவு மிதித்தவன் தின்றால் என்ன என்று எனக்கு நானே பத்வா கொடுத்துக்கொண்டேன்.

உன் மதினி றம்லத் இரண்டாம் நோன்பிலேயே சொன்னாள்: "விடிய முந்தி சஹர் சாப்பிட்டுப் பொறகு குளிரோட ஓடிட்டு வாங்க. அந்தியில ஓடினா சட்டியையும் சேத்துத் தின்னுவீங்க." தாகம் தாங்காது என்று சிரித்துத் தட்டிவிட்டேன். உண்மை அதுவல்ல தம்பி. அந்தியில்தான் பஜார் நிறைய ஆட்கள். "தம்பிக்காக மஹ்ரூப் நானா படுற பாடு" என்று அவர்கள் பேசுவது என் காதில் விழ வேண்டும். விடியற்காலையில் ஓடினால் யார் பார்ப்பார்? எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இப்போது விடியற்காலையில் சுபஹ் தொழுத கையோடு ஓடுகிறேன். வந்ததும் சாப்பாட்டில் மனம் போவதில்லை. இரண்டு துண்டு ரொட்டியோடு எழும்பிவிடுகிறேன். பகலிலும் வயிறு முன்போல் கத்துவதில்லை. பன்னிரண்டு நாளில் ஒன்றரைக் கிலோ குறைந்தது. இதை நோன்பிலேயே செய்திருக்கலாம்.

இதையும் மறைத்திருப்பேன். நேற்று உன் மனைவி அஸீமா றம்லத்துக்கு எடுத்த போன்தான் என்னை உலுக்கிவிட்டது. "இன்னும் ஒரு மாசந்தானே" என்று சொல்லி நீ இரண்டு தடவை மெசினுக்குப் போகவில்லையாம். என் பொய்யை நம்பித்தானே?

ஒரு மாதம் இல்லை தம்பி, இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஒரு தடவையும் விடாதே. என்னை ஏசு. என்னோடு கதைக்காமல் இரு. அல்லாஹ் உன் உடம்புக்குத் தெம்பு தரட்டும். மெசினுக்கு மட்டும் போ. நான் வந்து சேரும்வரை எனக்காக இரு.

உன் நானா,
மஹ்ரூப்