பிரபாவதி சிரித்த மாதம்

செங்கல்பட்டு
15.9.76

அன்புள்ள தம்பி ராஜேந்திரனுக்கு,

உன் அக்காள் ரெபேக்காள் எழுதுவது. ஜம்முவில் குளிர் பிடிப்பதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் சேர வேண்டும். ஆண்டவர் உன்னைக் காக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி விடவில்லை, மற்றபடி சுகம். பூஞ்சேரி வீட்டுக்குக் கூரை மாற்றியாயிற்று.

உன் பெண்சாதியைப் பற்றி அம்மா உனக்கு எதுவும் எழுதியிருக்க மாட்டார்கள். பிரபாவதிக்கு ஆனி மாதத்திலிருந்தே சரியில்லை. காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். தலை வாருவதில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவாள். அம்மா ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப்போய்ப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வேண்டா, "கடலாண்ட எத்தையோ பாத்து பயந்துகினு கீது, மந்திரிச்சிடுங்க" என்றாளாம். நான்தான் பஸ் ஏற்றி, நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிவந்தேன்.

மனசுக்கு வைத்தியம் பார்க்க வாரம் ஒருநாள் பட்டணத்திலிருந்து டாக்டர் வருகிறார். என்னென்னவோ கேட்டார். இவள் "முடியல" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. மனச்சோர்வு நோய் என்று சொல்லி மாத்திரை எழுதினார். சீட்டு என் மருந்து ஜன்னலுக்கே வந்தது. எத்தனையோ பேருக்கு நான் எடுத்துக் கொடுத்த மாத்திரைதான். எந்த அலமாரி, என்ன நிறம், எப்போது விழுங்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அது உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரியாது. கம்பவுண்டர் நரசிம்மனைக் கேட்டேன். "மூளைல ஏதோ கொறையுதாம், இது அத்த சரி பண்ணுதாம். அதுக்கு மேல எனக்கும் தெரியாதும்மா" என்றார். துக்கம் வந்தால் அழுவோம், பிறகு எழுந்து உலை வைப்போம். துக்கமே நோயாகிவிடும் என்றால் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒரு வாரத்தில் வாய் உலர்கிறது, தலை சுற்றுகிறது என்றாள். அம்மா மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன். வாய் உலர்வது முதலில் தெரியும், குணம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். அம்மாவைச் சமாதானப்படுத்தித் தொடர்ந்து கொடுத்தோம்.

போன வாரம் எழுந்துவிட்டாள் தம்பி. தானே தண்ணீர் காய்ச்சிக் குளித்தாள். அம்மா ஸ்தோத்திரம் சொல்லி அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு தூக்கமே இல்லை. வீட்டைப் பெருக்கிவிட்டுத் தெருவையும் பெருக்குகிறாள். பேச்சு நிற்பதில்லை. நல்ல புடவைகளை வேண்டாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். "மகாபலிபுரத்துல கட போடப்போறேன் அண்ணி, கல்பாக்கம் இன்ஜினீருங்க அத்தினி பேரும் என்னாண்டதான் வருவாங்க" என்கிறாள். விற்க அவளிடம் என்ன இருக்கிறது? இது குணமா, வேறொன்றா? சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

முன்பு எப்போதாவது தூங்காமல், அளவு மீறிய உற்சாகமாக இருந்தாளா என்று டாக்டர் முதல் நாளே கேட்டார். அம்மா இல்லவே இல்லை என்றார்கள். போன வருஷம் ஆடியில் நீ லீவில் வந்திருந்தாய். நான் மாமியாருக்கு முடியாமல் மதுராந்தகத்தில் இருந்தேன். அங்கே என்னைப் பார்க்க வந்தபோது, "பிரபா மாறிட்டாக்கா. ராணி மாரி கீறா. கண்ணே மூடாம பேசிகினே கீறா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அது இப்படித்தான் இருந்ததா? அப்படி இருந்திருந்தால் இந்த மாத்திரை அவளுக்கு ஆகாமல் போகலாம் என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார்.

நாளை டாக்டர் வரும் நாள். அழைத்துப் போகிறேன். நீ தந்தி அடி, பிறகு விவரமாக எழுது. மறைக்காதே அப்பா.

அன்புள்ள அக்காள்,
ரெபேக்காள்

—

செங்கல்பட்டு
6.10.76

அன்புத் தம்பிக்கு,

உன் தந்தி வந்தது, கடிதமும் வந்தது. "அப்படித்தான் இருந்தாள், அதைத்தான் நான் சந்தோஷம் என்று நினைத்தேன்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

டாக்டர் உன் பதிலுக்குக் காத்திராமல், நான் அழைத்துப்போன அன்றைக்கே அந்த மாத்திரையை நிறுத்தி, ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது, படுத்துக்கிடந்ததும் பறந்து திரிந்ததும் ஒரே நோயின் இரண்டு பக்கம் என்றார். இப்போது வேறு மருந்து. அதற்கு அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், உப்பைக் குறைக்கக் கூடாது. தூங்குகிறாள். நேற்று பூஞ்சேரி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வேண்டா புடவைகளை மடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பஸ்ஸில் போகும்போது பிரபா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணி, அவரு லீவுல வந்தப்ப நான் சந்தோஷமா இருந்தேனே, அதுவும் வியாதிதானா? அப்போ அதுல எதுதான் நானு?"

 இதை டாக்டரைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. திருக்கழுக்குன்றம் வரைக்கும் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு போனேன்.

நீ லீவு கேட்டு வா. அன்றைக்கு அவள் சிரித்தாலும் சரி, திரும்பிப் படுத்திருந்தாலும் சரி, அவள் பக்கத்தில் உட்கார். உன்னோடு இருந்த அந்த நாட்களில் பொய் இல்லை என்று நீதான் அவளுக்குச் சொல்ல முடியும். கர்த்தர் உங்கள் இருவரையும் பிரியாமல் வைத்திருப்பாராக.

உன் அக்காள்,
ரெபேக்காள்